மென்பொருள் மாறும்போது பழைய வரைபடங்கள்

வடிவமைப்பு மென்பொருளை மாற்றலாம் என்ற பேச்சு ஒரு தொழிற்சாலையில் தொடங்கியதுமே, "உங்கள் பழைய கோப்புகள் அனைத்தும் புதியதில் திறக்கும்" என்ற உறுதிமொழி விற்பனையாளரிடமிருந்து வந்துவிடுகிறது. கோப்பு திறக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒருவர் வரைந்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் கையெழுத்திட்டு, அதை நம்பி லேத்திலும் மில்லிங்கிலும் இத்தனை ஆண்டுகள் வேலை நடந்த அதே வரைபடந்தானா திரையில் தெரிவது என்ற கேள்விக்கு அந்த உறுதிமொழியில் விடை இருப்பதில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்ப்புகளுக்கும் கியர்பாக்ஸுகளுக்கும் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளின் கோப்புகளை நம்பியே ஓடிய எங்கள் பிரிவு முப்பரிமாண மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பழைய வரைபடங்களைப் பொறுப்பாக அந்தப் பக்கம் கொண்டுசேர்க்கும் வேலை என்னிடம் இருக்கிறது. கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது இதில் எளிதான பகுதி. ஒரே பாகத்துக்கு இருக்கும் பல வரைபடங்களில் எது செல்லும் என்று தீர்மானிப்பதே கடினமானது. அந்தத் தீர்மானம் முடியாமல் கோப்பைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் என்று எந்தப் பேட்டையை எடுத்தாலும் இதே நிலையில் பல நிறுவனங்கள் இருப்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் சேமிப்பில் மூன்று தலைமுறை வரைபடங்கள் கலந்து கிடக்கின்றன. டிராஃப்டர் என்ற வரைகருவி பொருத்திய பலகையில் டிரேசிங் தாளின் மேல் மையால் வரைந்தவை மிகப் பழையவை. அவற்றிலிருந்து எடுத்த அம்மோனியா பிரிண்டுகள் இன்றும் சில இயந்திரங்களுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. ஆட்டோகேட் 1982இல் வெளிவந்த மென்பொருள் என்றாலும், எங்களைப் போன்ற நடுத்தர நிறுவனங்களின் மேசைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. அதில் வரைந்து சேமித்த டி.டபிள்யூ.ஜி. வடிவக் கோப்புகள் இரண்டாம் தலைமுறை. வாடிக்கையாளர்கள் அவரவர் மென்பொருளிலிருந்து அனுப்பிவைத்த முப்பரிமாண மாதிரிகள் மூன்றாவது. ஒரே பாகத்துக்கு மூன்று தலைமுறையிலும் வரைபடம் இருப்பதும், மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதும் எங்களுக்கு அன்றாடம்.

கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். டி.டபிள்யூ.ஜி. கோப்பின் உள்ளே தொடக்கத்தில் பதிவாகியிருக்கும் ஆறு எழுத்துகளைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏசி1014 என்றிருந்தால் ரிலீஸ் 14. ஏசி1015 என்றால் 2000 வடிவம். ஏசி1018 என்றால் 2004. அப்படியே 2007, 2010, 2013 என்று வந்து, ஏசி1032 என்றால் 2018 வடிவம். கோப்பைத் திறக்காமலே இந்த ஆறு எழுத்துகளைப் படித்துப் பட்டியலிட ஒரு சிறிய நிரல் போதும். கோப்பின் தேதியை நம்ப வேண்டாம். சர்வர் மாறியபோதோ சி.டி.யிலிருந்து நகலெடுத்தபோதோ அது மாறியிருக்கும். ஆட்டோகேட்டை உருவாக்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகத் தரும் டி.டபிள்யூ.ஜி. ட்ரூவியூவைக் கொண்டு மொத்தமாகப் புதிய வடிவத்துக்கு மாற்றலாம். அப்படி மாற்றும்போது மூலக்கோப்பு வேறோர் இடத்தில் எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

திறந்த கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துருக்களை. பழைய வரைபடங்கள் எஸ்.எச்.எக்ஸ். என்ற வகை எழுத்துருக்களைப் பயன்படுத்தின. அவை கோப்புக்குள் இருப்பதில்லை, வரைந்த கணினியில் தனியே இருந்தன. அந்தக் கணினி போனபின் மென்பொருள் தனக்குத் தெரிந்த வேறோர் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. வடிவியல் டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) குறிகளுக்கான ஜி.டி.டி. எழுத்துருவில் விட்டத்தைக் குறிக்கும் ⌀ என்ற குறி, ஆங்கிலச் சிறிய எழுத்தான 'என்' இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இடநிலை டாலரன்ஸின் குறி 'ஜே' இருக்கும் இடத்தில். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ⌀25 என்று இருந்த இடத்தில் 'என்25' என்று நிற்கும். அனுபவமுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார். புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன் அதை ஒரு பாக எண் என்று எடுத்துக்கொள்வதற்கும் வாய்ப்புண்டு. ஆகவே எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் பழைய கணினிகளிலிருந்து தேடியெடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பதைக் கோப்பு மாற்றத்துக்கு முன்பே செய்துமுடிக்க வேண்டும்.

இதில் நமக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. தளத்தில் வேலை செய்பவர்களுக்காக வரைபடத்தின் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதும் நல்ல வழக்கம் எங்கள் மூத்தவர்களிடம் இருந்தது: "இந்தப் பக்கத்தை முதலில் கடையவும்", "துளையிட்டபின் பிசிறு நீக்கவும்" போன்றவை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலம் அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தாம், தாப் என்ற குறியாக்கங்கள் தமிழக அரசால் ஏற்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் கையில் கிடைத்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அக்குறிப்புகள் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரியும். அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்து மிக அதிகம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிக் கருவிகளைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். தெரியாவிட்டால் பழைய அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை, அதைச் செய்தே ஆகவேண்டும். துளையிடும் வரிசை பற்றிய அந்த ஒரு வரிக்குப் பின்னால், பாகங்கள் வீணான பிறகு கிடைத்த அறிவு இருக்கும்.

எழுத்துருவாவது கண்ணில் படும். கண்ணில் படாத தொல்லை, கையால் மாற்றி எழுதப்பட்ட அளவுகள். ஆட்டோகேட்டில் அளவுக்கோடு போட்டால் மென்பொருளே அளந்து எண்ணை எழுதும். வடிவத்தைத் திருத்த நேரமில்லாதபோது, அந்த எண்ணை மட்டும் அழித்துவிட்டு வேண்டிய எண்ணைத் தட்டச்சு செய்துவிடலாம். ஓர் அடித்தட்டில் இரு துளைகளுக்கு இடையே 180 மில்லிமீட்டர் என்று வரைந்திருக்கிறார்கள். பின்னர் மோட்டார் மாறியபோது அளவு 182 ஆனது. கோட்டை நகர்த்தாமல் எண்ணை மட்டும் 182 என்று மாற்றிவிட்டார்கள். தளத்தில் இருப்பவர் எண்ணைப் படித்துத்தான் துளையிடுகிறார் என்பதால் ஆண்டுக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. அதே கோப்பை, பிற மென்பொருள்களும் இயந்திரங்களும் படிக்கக்கூடிய டி.எக்ஸ்.எஃப். வடிவத்துக்கு மாற்றி லேசர் வெட்டுக்கு அனுப்பினால் இயந்திரம் எண்ணைப் படிக்காது, கோட்டைத்தான் பின்பற்றும். தட்டு 180க்கு வெட்டுப்பட்டு வரும். முப்பரிமாண மென்பொருளில் அந்தக் கோடுகளை இறக்கி மாதிரி உருவாக்கினாலும் நடப்பது இதுதான். காகிதத்தில் எண்ணே சட்டமாக இருந்தது. புதிய மென்பொருளில் வடிவமே சட்டமாகிறது. இந்த மாற்றத்தை உணராமல் பழைய கோடுகளை இறக்குமதி செய்யும் ஒவ்வொருவரும் பழைய குறுக்குவழிகளையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறார்கள்.

நல்லவேளையாக இதைத் தேடிப்பிடிக்க வழியுண்டு. டி.எக்ஸ்.எஃப். கோப்பில் ஒவ்வோர் அளவுக்கோட்டுக்கும் 42 என்ற குறியெண்ணின் கீழ் மென்பொருள் அளந்த நீளமும், 1 என்ற குறியெண்ணின் கீழ் கையால் எழுதப்பட்ட உரை ஏதேனும் இருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, மாறுபடுபவற்றைப் பட்டியலிடலாம். பாதி அளவில் வரைந்து, அளவுக்கோட்டின் பெருக்கத்தை 2 என்று வைத்த வரைபடங்கள் இந்தப் பட்டியலில் வீணாக வந்து சேரும். அங்குல அளவில் வரைந்தவையும் அப்படியே, அவற்றில் வேறுபாடு 25.4 மடங்காக இருக்கும் என்பதால் உடனே அடையாளம் தெரியும். இவற்றைக் கழித்துவிட்டு எஞ்சுவதை ஒவ்வொன்றாக மனிதர்தான் பார்க்க வேண்டும். எங்கள் திட்டம் முழுவதிலும் செலவழித்த நேரத்துக்கு மிக அதிகப் பயன் தந்தது இந்த ஒப்பீடு என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது, வரைபட மொழியே மாறிவிட்ட இடங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 கையேட்டைப் படித்து வந்த நாம், பக்கத் தோற்றங்களை எதிர்ப்பக்கத்தில் வைக்கும் முதற்கோண வீழலில் வரைகிறோம்; அமெரிக்க வாடிக்கையாளரின் வரைபடங்கள், அவற்றை அந்தந்தப் பக்கத்திலேயே வைக்கும் மூன்றாங்கோண வீழலில் வரும். புதிய மென்பொருளை நிறுவும்போது எந்த டெம்ப்ளேட் தேர்வாகிறதோ அதுவே அமைதியாக வீழலையும் தீர்மானித்துவிடும். இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், சமச்சீராக இல்லாத ஒரு பிராக்கெட் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிச் செய்யப்பட்டு வந்துவிடும். வரைபடத்தின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில், எந்த வீழல் என்று காட்டும் கூம்புக் குறியைச் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

மேற்பரப்புக் குறிகளில் இன்னும் கவனம் தேவை. பழைய வரைபடங்களில் ▽▽ என்று முக்கோணங்கள் இருக்கும், இன்று மேற்பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் ஆர்.ஏ. மதிப்பை எழுதுகிறோம். நம் பாடநூல் அட்டவணைப்படி இரண்டு முக்கோணம் என்பது 6.3, 3.2, 1.6 மைக்ரான் ஆகிய மூன்றையும் உள்ளடக்கும். சாதாரணக் கடைசலில் கிடைக்கும் 6.3க்கும், கூடுதல் கவனத்தோடு, சில சமயம் கிரைண்டிங்கோடு கிடைக்கும் 1.6க்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு என்பது வேலை எடுப்பவர்களுக்குத் தெரியும். அட்டவணையைப் பார்த்து இரண்டு முக்கோணத்தையெல்லாம் 3.2 என்று மாற்றும் ஒரு நிரலை எழுதிவிட்டால் மாலைக்குள் வேலை முடியும். ஆனால் யாரும் எடுக்காத ஒரு வடிவமைப்பு முடிவை அந்த நிரல் நூற்றுக்கணக்கான பாகங்களில் எடுத்துவிட்டிருக்கும். மூலப்பொருளிலும் இதே கதைதான். ஈ.என். 8, ஈ.என். 24 என்ற எஃகு வகைகளின் பழைய பிரிட்டிஷ் பெயர்கள் 080எம்40, 817எம்40 என்று எப்போதோ மாறிவிட்டன. சென்னை இரும்புக் கடைகளில் இன்னும் ஈ.என். 8 என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். ஆகவே மாற்றத்தின்போது பழைய குறியை அப்படியே எழுதி, புதிய சமமதிப்பைப் பொறுப்பான பொறியாளர் கையெழுத்திட்டு அடுத்த ரிவிஷனில் சேர்க்கட்டும் என்று விதி வகுத்தோம். மென்பொருள் மாற்றத்தையும் வடிவமைப்பு மாற்றத்தையும் ஒரே ரிவிஷனில் கலக்கக் கூடாது.

இனி, காகிதமும் கோப்பும் இரண்டுமே சொல்லாத உண்மைகள். பழைய பம்ப் உறை ஒன்றுக்கு மாதிரி உருவாக்கும் முன், வார்ப்பு அச்சுக்கு வடிவம் தரும் மரப் பேட்டர்ன்களைப் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஃபிளாஞ்சுக்கிட்ட வர்ற ரேடியஸை நம்பாதீங்க. அங்க விரிசல் விடுதுன்னு பேட்டர்ன்லயே ஏத்திட்டோம். டிராயிங்ல யாரும் ஏத்தல" என்றார். பேட்டர்னை அளந்தபோது, வார்ப்பிரும்புக்கான ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுச் சுருக்கத்தைக் கழித்த பின்னும், மூலை வளைவு வரைபடத்தில் இருந்ததைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தது. வரைபடத்தை மட்டும் நம்பி மாதிரி செய்து, அதிலிருந்து புதிய பேட்டர்னை சி.என்.சி.யில் வெட்டியிருந்தால், முன்பே தீர்க்கப்பட்ட விரிசலை நாங்கள் மீண்டும் உருவாக்கியிருப்போம். இதற்குப் பின் ஒவ்வொரு வார்ப்புப் பாகத்துக்கும் பேட்டர்னையும் கையிருப்பில் உள்ள ஒரு நல்ல பாகத்தையும் அளந்து பார்க்காமல் மாதிரிக்கு ஒப்புதல் தருவதில்லை. இத்தகைய திருத்தங்களை அறிந்தவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். மென்பொருள் பயிற்சிக்குச் செலவிடுவதற்கு இணையாக அவர்களோடு உட்காரவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முப்பரிமாணத்துக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. தொடர்ந்து உற்பத்தியில் இருக்கும் பாகங்களுக்குப் பழைய கோடுகளை இறக்காமல், ஒப்புதல் பெற்ற அச்சுப்பிரதியின் எண்களைப் படித்து மாதிரியைப் புதிதாகவே உருவாக்குகிறோம். இரட்டைக் கோடுகளும், நுண்ணிய இடைவெளிகளும், மூடாத வளையங்களும் நிறைந்த பழைய வடிவத்தைச் சுத்தம் செய்வதைவிட இது விரைவாகவே முடிகிறது; கூடவே எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்ற சோதனையும் நடந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை உதிரிபாகமாக மட்டும் கேட்கப்படுபவற்றை ஆர்டர் வரும்போது மாற்றினால் போதும். அதுவரை மூலக்கோப்பும், நெடுங்காலப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவப் பிரதியும் இருக்கட்டும். மற்றவை ஆவணம், தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே முப்பரிமாணத்தில் இருப்பவற்றுக்கு, வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாதிரிகளைப் பரிமாறும் பொதுவான ஸ்டெப் வடிவமே பாலம். ஐ.எஸ்.ஓ. 10303 தரத்தின் ஏ.பி. 203, ஏ.பி. 214 ஆகிய பழைய வகைகள் வடிவத்தைக் கொண்டுவரும். 2014இல் வந்த ஏ.பி. 242 டாலரன்ஸ் குறிப்புகளையும் மாதிரியோடு சேர்த்துச் சுமக்கக் கூடியது. எந்த வகையானாலும், முதலில் எந்தத் துளை, அடுத்து எந்த வளைவு என்ற உருவாக்க வரலாறு வந்துசேராது. திருத்த முடியாத ஒரே திண்மமாகத்தான் வரும். மரையும் பல சமயம் வெறும் துளையாகிவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன நிறுவனங்களுக்குப் பாகம் தருபவர்கள் இதைத் தினமும் காண்கிறார்கள். இறக்கிய மாதிரியின் கனஅளவையும் ஈர்ப்பு மையத்தையும் மூல மென்பொருள் தரும் மதிப்புகளோடு ஒப்பிட்டுவிட்டால், விடுபட்ட முகமோ மூடாத பரப்போ இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

வாகனத் துறைக்கு வேலை செய்பவர்கள் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தர மேலாண்மைத் தரநிலையின் விதியையும் நினைவில் கொள்ள வேண்டும். பாக ஒப்புதல் ஆவணங்கள், கருவிப் பதிவேடுகள், வடிவமைப்புப் பதிவேடுகள் ஆகியவற்றை அந்தப் பொருள் உற்பத்தியிலும் சர்வீஸ் தேவையிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் ஒரு நாட்காட்டி ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட அந்தப் பழைய பிரதியே ஒப்புதலுக்குச் சான்று. நாம் புதிதாக உருவாக்கிய அழகிய மாதிரி அதற்கு ஈடாகாது.

டிரேசிங் தாள்களை ஸ்கேன் செய்வதோடு நிறுத்திக்கொண்டோம். ஸ்கேன் செய்ததைக் கோடுகளாக மாற்றித் தரும் மென்பொருள்கள் 3ஐ 8 என்றும், கறையைத் துளை என்றும் படிக்கும். அவற்றைத் திருத்துவதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம். தெளிவாக ஸ்கேன் செய்து, பாக எண்ணையும் ரிவிஷனையும் கோப்புப் பெயரிலேயே எழுதி வைத்தால் போதுமானது. மூலத்தாள்களை எங்கே வைப்பது என்பது சென்னையில் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பகுதித் தொழிற்கூடங்களும், 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் என்ன பாடுபட்டன என்று நாம் பார்த்தோம். தரைத்தளத்து அலமாரியில் டிரேசிங் தாளும், பக்கத்து மேசைக்கு அடியில் சர்வரும் இருக்கும் தொழிற்சாலைகள் இன்னும் உள்ளன. மாடிக்கு மாற்றுங்கள், ஸ்கேன் பிரதி ஒன்று ஊருக்கு வெளியேயும் இருக்கட்டும்.

பழைய மென்பொருளை எப்போது நிறுத்துவது என்பதில்தான் நிர்வாகத்தோடு எங்களுக்குப் பேச்சு நீள்கிறது. 2016க்குப் பின் ஆட்டோடெஸ்க் நிரந்தர உரிமங்கள் விற்பதை நிறுத்திவிட்டதால், அதற்கு முன் வாங்கிய உரிமம் கையில் இருப்பவர்கள் அதை எளிதில் விட்டுவிடக் கூடாது. பழைய கணினிகளின் இணைத்தட முனையில் (பேரலல் போர்ட்) செருகும் டாங்கிள் என்ற உரிமச் சாவியைக் கேட்கும் மென்பொருள்களும், ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் கார்டின் எண்ணோடு கட்டிப்போடப்பட்ட உரிமங்களும் கணினி பழுதானால் அதோடு போய்விடும். ஆகவே அந்தக் கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே உரிம விதிகள் அனுமதிக்கும் வரையில் அதை வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியாக நகலெடுத்து, உண்மையாகவே கோப்பு திறக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.

புதிய மென்பொருளுக்கான கொள்முதல் கோப்பில் உரிமக் கட்டணம், கணினி, பயிற்சி என்று தலைப்புகள் இருக்கும். சரிபார்ப்பவரின் நேரம் என்ற தலைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. மாதிரியை உருவாக்கியவரே சரிபார்த்ததாகக் கையெழுத்திடும் நிலை அதனால்தான் வருகிறது. எங்கள் பிரிவில், மாதிரி செய்தவர் அல்லாத ஒருவர் பழைய அச்சுப்பிரதியின் ஒவ்வோர் அளவையும் வண்ணப் பென்சிலால் டிக் அடித்து, அந்தப் பிரதியையே ஸ்கேன் செய்து புதிய கோப்போடு இணைக்கிறார். அது முடியும்வரை புதிய வரைபடத்தில் 'உற்பத்திக்கு அல்ல' என்ற முத்திரை இருக்கும். முடிந்த அன்று தளத்தில் உள்ள பழைய பிரிண்டுகளைத் திரும்பப் பெற்று ரத்து முத்திரை இட்ட பிறகே புதியது இறங்கும். இந்த வேலைக்கு ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தித் தரும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த நிதியாண்டின் செலவுத் திட்டத்தில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.